ஒற்றைக் கட்டில்

"தலகாணிய இன்னும் கொஞ்சம் தூக்கி வை. கழுத்து வலிக்குது."

அவள் ஸ்டூலிலிருந்து எழுந்து, கணவரின் தலைக்குக் கீழே ஒரு கையை மட்டும் நுழைத்துத் தலையணையைச் சரிசெய்தாள். மற்றக் கை சால்வைக்குள்ளேயே இருந்தது. இதய நோய் வார்டின் ஜன்னல்கள் எல்லாம் மூடித்தான் இருந்தன. இருந்தும் காலையிலிருந்து அவளுக்குக் குளிர் விடவில்லை. பயம் வந்தால் முதலில் சில்லிட்டுப் போவது அவளுக்குக் கைகால்தான்.

"எப்ப கூப்பிடுவாங்களாம்?" என்றார் அவர்.

"உள்ள போனவங்க வெளிய வந்ததும்னு சொன்னாங்க."

"ஃபேன் காத்து இந்தப் பக்கம் வரவே இல்ல."

"சிஸ்டர் வந்தா சொல்றேங்க."

நடைபாதையில் சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. சத்தம் தாண்டிப் போய்விட்டது. அதற்குப் பின்னால், ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு நாத்தனார் உள்ளே வந்தார். நேராகக் கட்டிலுக்குப் போய்த் தம்பியின் காலருகில் உட்கார்ந்தார்.

"என்னடா இது, முகமே வாடிப் போச்சு?"

"ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லக்கா."

"உனக்குப் போய் இப்படி வரணுமா? யாருக்கு என்ன கெடுதல் நினைச்சே நீ?" அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "என்னமோ பூச்சின்னு போன்ல சொன்னீங்களே. பூச்சி எப்படிம்மா நெஞ்சுக்குள்ள போகும்?"

"பூச்சி போகல அண்ணி," என்றாள் அவள். "அது கடிச்ச இடம் வழியா கண்ணுக்குத் தெரியாத கிருமி உள்ள போயிருக்கு. வருஷக்கணக்கா சும்மா இருந்துட்டு, இப்ப இதயத்தப் பாழாக்கிடுச்சாம். பூச்சி மண் சுவத்து வெடிப்புல இருக்குமாம். விளக்க அணைச்சதும் வெளிய வருமாம்."

"அதுக்குப் பேரே முத்தப் பூச்சியாம்க்கா," என்று அவர் சிரித்தார். "தூங்கறப்ப முகத்துலதான் கடிக்குமாம். பூச்சிக்காவது முத்தம் குடுக்கத் தோணிச்சே."

"போடா, உனக்கு எப்பவும் விளையாட்டு," என்றார் அக்கா. அவளும் சிரித்துவைத்தாள்.

கல்யாணமான புதிதில் அவர்கள் குடியிருந்தது மண் சுவர் வீடு. சுவரில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. ஒருநாள் காலை எழுந்தபோது ஒரு கண் மட்டும் திறக்க முடியாதபடி வீங்கியிருந்தது. "ராத்திரி சண்டையா? கை நீட்டினது யாரு?" என்று அக்கம்பக்கத்தில் கேலி பேசினார்கள். வீக்கம் தானாக வடிந்தது. கேலியும் வடிந்தது. அந்தக் கண்ணை யாரும் பிறகு நினைக்கவே இல்லை, டாக்டர் கேட்கும்வரை.

"ஒரே வீட்லதானே இருந்தீங்க?" என்றார் நாத்தனார். "ரெண்டு பேருக்கும்ல வந்திருக்கணும்?"

"டாக்டரும் அதான் கேட்டாரு. ரெண்டு பேர் ரத்தத்தயும் எடுத்துப் பாத்தாச்சு. ஒருத்தருக்கு ஒண்ணுமே இல்ல." அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அந்த வீட்ல ஒரு கட்டில்தான்க்கா இருந்துச்சு. ஒருத்தர் கட்டில்ல, ஒருத்தர் கீழ, சுவரோரமா."

"என்னமோ, கட்டில்ல படுத்தவங்க தப்பிச்சாங்க," என்று நாத்தனார் பெருமூச்சு விட்டார். "இப்ப என்ன பண்ணப் போறாங்க?"

"தோளுக்குக் கீழ சின்னதா ஒரு கருவி வைக்கிறாங்க அண்ணி. இதயம் துடிக்க மறந்தா அது ஞாபகப்படுத்துமாம்."

சொல்லும்போதே அவளுக்கு விசித்திரமாக இருந்தது. மூக்குக் கண்ணாடி, குடை, நாத்தனார் வீட்டு விசேஷங்கள் என்று அந்த வீட்டில் ஞாபகப்படுத்தும் வேலையைத்தானே அவள் இத்தனை வருஷமாகச் செய்துவருகிறாள்.

"வெச்சா சரியாயிடும்ல?"

"பெரும்பாலும் சரியாயிடும்னாரு."

அந்தப் 'பெரும்பாலும்' அவளுக்குப் போதவில்லை. அதற்கு வெளியே மிச்சமிருப்பதை அவள் நேற்றிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஒரே ஒரு கோப்பை மட்டும் கழுவிக் கவிழ்த்த சமையலறை. ஒரு ஆளுக்கு எவ்வளவு டீத்தூள் போட வேண்டும்?

"இவன் சாப்பாட்டுக்குத்தான் என்ன பண்றதுன்னு தெரியல," என்றார் நாத்தனார். "உப்பு கொஞ்சம் குறைஞ்சாலும் தட்டத் தள்ளி வெச்சிடுவான். ஒரு மாசம் என் வீட்ல வந்து இருக்கட்டும்."

"சரி அண்ணி."

சால்வைக்குள்ளிருந்து எட்டிப்பார்த்த விரல்நுனிகளால் பழத்தைப் பிடித்துக்கொண்டு, அவள் மெல்லத் தோலை உரித்தாள். சுளை சுளையாக அவர் கையில் வைத்தாள்.

"நீயும் ஒண்ணு வாயில போட்டுக்கோயேன்."

"இப்ப வேணாம் அண்ணி."

மறுபடியும் சக்கரச் சத்தம். இந்த முறை அது தாண்டிப் போகவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு நர்ஸ் வந்தாள். அவளுக்குப் பின்னால் வெறும் ஸ்ட்ரெச்சர். நர்ஸ் கட்டிலைப் பார்த்து முகம் சுளித்தாள்.

"சார், ஸ்டூல்ல உக்காருங்கன்னு காலைலயே சொன்னேன்ல? எந்திரிங்க. பேஷண்ட் படுக்கணும், மயக்க ஊசி போடணும்."

அவர் எழுந்து காலால் துழாவிச் செருப்பைத் தேடினார்.

"அந்தப் பக்கம் இருக்குங்க," என்று சொல்லிக்கொண்டே அவள் சால்வையைக் கழற்றி நாத்தனாரிடம் கொடுத்துவிட்டு, ஊசி குத்தி பிளாஸ்திரி ஒட்டியிருந்த கையைப் பார்த்துப் பதவிசாகத் தூக்கிக்கொண்டு, அவருடைய சூடு இன்னும் ஆறாத கட்டிலில் ஏறிப் படுத்தாள்.