மீன் ஏறாத ஏரி

“யூன் 9. ஏரியில் உயிர் எதுவும் இல்லை என்று போன கிழமை எழுதியது பிழை. மீன் இல்லை என்று மட்டுமே எழுதியிருக்க வேண்டும்.” மாலை நேர உயிரியல் வகுப்புக்கான குறிப்பேட்டில் தர்மிகா இப்படித்தான் தொடங்கினாள். பனியாறு மலையைக் குடைந்துவிட்டுப் போன சிறு பள்ளத்தில் தேங்கிய ஏரி அது. கீழே அருவி இருப்பதால் மீன் ஒருநாளும் ஏறி வந்ததில்லை. போன கிழமை நடு ஏரியில் வலை போட்டுப் பார்த்ததோடு திரும்பிவிட்டாள். இன்றுதான் கரையோரச் செடிகளுக்குள் குனிந்து பார்த்தாள். பல்லி உருவில், தவளைக்கு உறவான விரல் நீள நீர்ப்பல்லி ஒன்று, நீருக்குள் பின்கால்களால் இலையை மடித்து, மடிப்புக்குள் ஒரேயொரு முட்டையை வைத்தது. பிறகு அடுத்த இலைக்குப் போனது. அவள் பார்த்துக்கொண்டிருக்கையில் பதினொரு இலைகளை மடித்தது.

உடனே, அந்த ஏரியில் மீன்குஞ்சு விடவிருந்த தூண்டில் சங்கத்தின் செயலாளர் நகுலன் மாமாவுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

“நீதானே பிள்ளை ஒண்டுமில்லையெண்டு எழுதித் தந்தனீ?” நகுலன் மாமா சிரித்தார். “இப்ப பல்லிக்குப் பிள்ளைப்பேறு பாக்கிறியோ?”

“மீன் விட்டா முட்டை, குஞ்சு எல்லாத்தையும் திண்டுடும், மாமா.”

“மீன்குஞ்சு நாளைக்கு ஒன்பது மணிக்கு லொறியில வருது. இனி மறிக்கேலாது.”

மீன் முட்டைகளைத் தின்றுவிடும் என்பதும் பிழையாக இருக்கலாம் என்று குறிப்பேட்டில் எழுதி, அதை வெட்டினாள். அதன் கீழே எழுதினாள்: “நாளை: எட்டு மணிக்கே போய் மலைப்பாதையின் நடுவில் நிற்க வேண்டும்.”