மூன்றாந்தரம்

யானையின் வயிற்றுக்குக் கீழால் இரண்டாந்தரம் கடந்து வந்த பிள்ளையை வாங்கி நிமிர்ந்தபோதுதான் ஞானாம்பிகை அந்த ஈரத்தைக் கண்டாள்.

யானையின் கண்ணுக்கும் காதுக்கும் நடுவிலிருந்து எண்ணெய் போல ஒன்று வழிந்து கன்னத்தில் இறங்கிக்கொண்டிருந்தது.

சனமும் அதைக் கண்டிருந்தது. பிள்ளையாரைப் பார்த்து யானை கண்ணீர் விடுகிறதாம். ஒரு பெரியவர் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு தானும் சேர்ந்து அழுதார். அளவெட்டிப் பக்கத்தில் யானைக்கு எங்கே போவது? திருவிழாவுக்குத் தெற்கிலிருந்து லொறியில் வந்து இறங்குவதுதான் அவர்கள் அறிந்த யானை.

ஞானாம்பிகை காட்டுயானை திரியும் வன்னியில் பிறந்தவள். இப்படி ஈரம் வழிந்த யானையைச் சின்ன வயதில் ஒருதரம் வயற்கரையில் கண்டிருக்கிறாள். அன்றைக்கு அவளுடைய மாமனைச் சாக்கில் கட்டித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

மதம்.

 பாகனைப் பார்த்தாள். யானையின் காதை விடாமல் பிடித்தபடி அவனும் அந்த ஈரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். யானைக்குச் சுகமில்லை, இன்றைக்கு விட்டுவிடுங்கள் என்று அவன் காலையில் அரைகுறைத் தமிழில் கெஞ்சினானாம். இவ்வளவு தூரம் கொண்டுவந்த யானையைச் சும்மா கட்டிவைப்பதா என்று கோயில்காரர் ஏசினார்களாம். வரிசையில் நின்ற பெண்கள் இதைச் சொல்லிச் சிரித்தபோது அவளும் சேர்ந்து சிரித்திருந்தாள்.

கத்தக்கூடாது. ஒரு சத்தம் போதும். நல்ல காலம், மேளம் ஓய்ந்திருந்தது. தவில்காரர் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

பிள்ளையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு மெல்லப் பின்னால் நகர்ந்தாள்.

யானைக்கு அந்தப் பக்கம் நின்றவன் அவளுடைய புருசன் சோமசேகரம். பெயரை நாம் சொல்லலாம், அவள் சொல்லமாட்டாள். அரிசி வாங்கப் போகும் கூப்பன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவளைப் பார்த்துச் சிரிப்பாள், அந்தப் பெண்தான் சொல்லிவிடுவாள்.

பிள்ளை இரவில் வெருண்டு வெருண்டு அழுகிறது. யானையின் கீழால் மூன்றுதரம் கடத்தி எடுத்தால் பயம் தெளியும். சோமசேகரம் குனிந்து கையை நீட்டினான்.

"இஞ்சை தா பிள்ளையை. ரெண்டோடை நிப்பாட்டக் கூடாது."

அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். ஊரே பார்த்துக்கொண்டு நிற்கப் பெண்சாதி தலையை ஆட்டினால் எந்தப் புருசனுக்குப் பொறுக்கும்? சுற்றிக்கொண்டு வரவும் அவனுக்குப் பொறுமையில்லை. பிள்ளையைப் பறித்தெடுக்கத் தானே குனிந்து யானையின் வயிற்றுக்குக் கீழே புகுந்தான்.

பாதியில் வேட்டித் தலைப்பு யானையின் கால் சங்கிலியில் மாட்டிக்கொண்டது. புது வேட்டி. கிழிந்துவிடாமல் அதை எடுக்கத் தொடங்கினான். சங்கிலி கிலுங்கியது. யானை ஒரு காலைத் தூக்கி வைத்தது.

ஞானாம்பிகை தவில்காரரைத் திரும்பிப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ" என்று மெதுவாகக் கூப்பிட்டாள். அங்கே நின்ற பெண்சாதிமார் எல்லாரும் தங்கள் புருசன்மாரை அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் காதில் ஏறவில்லை. இன்னொருதரம் கூப்பிட்டாள். அதுவும் ஏறவில்லை.

தவில்காரர் குவளையை வைத்துவிட்டுத் தவிலை மடியில் இழுத்துக்கொண்டார்.

அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. யானைக்குக் கேட்காத குரலில்தான் சொன்னாள்.

"சோமசேகரம், வெளியிலை வாங்கோ."

அந்த நேரம் வேட்டி சங்கிலியை விட்டு வந்திருந்தது. இன்னும் ஒரே ஒரு எட்டு வைத்திருந்தால் அவன் வெளியே வந்திருப்பான்.

தன் பெயரைப் பெண்சாதியின் வாயில் கேட்ட சோமசேகரம் திகைத்துப்போய், யானையின் வயிற்றுக்குக் கீழேயே நின்று, அவளை அண்ணாந்து பார்த்தான்.

தவில்காரர் கையை ஓங்கினார்.