மாலைதீவுக்குக் கட்டிய பை

இன்ஸ்பெக்டர் எங்கள் பயணப் பையின் சிப்பை இழுத்தார். முதலில் வெளியே வந்தது கறுப்பு ரப்பர் உடுப்பு.

அதன் பின்னால் தாராக்கால் மாதிரி இரண்டு ரப்பர் செருப்பு. கடைசியாக, கடலுக்கடியில் போடும் பெரிய கண்ணாடி.

வாசலில் நின்ற இரண்டு ஆமிக்காரரும் துவக்கை நேராகப் பிடித்துக்கொண்டார்கள்.

வெள்ளவத்தையில் ஞாயிற்றுக்கிழமைக் காலைச் சோதனை எங்களுக்குப் புதிதல்ல. பொலிஸ் பதிவு, அடையாள அட்டை எல்லாவற்றையும் மேசையில் எடுத்து வைத்திருந்தேன். கட்டிலில் கிடந்த பையை மட்டும் யோசிக்கவில்லை.

துறைமுகத்தில் தண்ணீருக்கடியால் வந்து கப்பலுக்குக் குண்டு வைத்த செய்தி பேப்பரில் வந்து சூடு ஆறாத காலம் அது. என் கணவர் சவுந்தரநாயகத்தின் அடையாள அட்டையில் பிறந்த இடம் வடக்குக் கடற்கரைப் பருத்தித்துறை. ஒரு மனிதரை ஜீப்பில் ஏற்ற இதற்குமேல் என்ன வேண்டும்?

மாலைதீவுக்கு விடுமுறையில் போகிறோம் என்று தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். என் தம்பிக்கு அங்கே ஹோட்டலில் வேலை, இந்தச் சாமான் எல்லாம் அவன் அனுப்பியது, கலியாணம் கட்டிய நாளிலிருந்து நாங்கள் கண்டியைத் தாண்டியதில்லை என்றும் சொன்னேன். டிக்கெட்டைக் காட்டினேன்.

கடலுக்கடியில் மீன் பார்க்கப் போகிறோம் என்று சொல்லும்போது எனக்கே அது பொய் மாதிரித்தான் கேட்டது.

"மஹத்தயாவுக்கு மூழ்கத் தெரியுமா?" என்று இன்ஸ்பெக்டர் இவரைப் பார்த்துக் கேட்டார்.

"தெரியாது சேர். அங்கே போய்த்தான் பழக வேண்டும்."

அதுதான் பொய். மாதக்கணக்காக, கொள்ளுப்பிட்டியில் வேலை முடிந்ததும் நேரே நீச்சல் தடாகத்துக்குப் போய் மூழ்கப் பழகிக்கொண்டிருந்தவர் இவர். வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டு மேசையிலும் அதே கதைதான். "கொன்ஸ்ரன்ஸ், உம்மையும் கையைப் பிடிச்சுக் கீழ கூட்டிக்கொண்டு போவன். பயப்பிடாதையும்."

இப்போது பயந்துதான் நின்றேன். கொண்டுபோனால் எங்கே வைப்பார்கள், எப்போது விடுவார்கள், விடுவார்களா என்று யாரிடம் போய்க் கேட்பது?

"அப்படியென்றால் போட்டுக் காட்டும்" என்றார் இன்ஸ்பெக்டர். அவர் ஜன்னலடியில் நின்றிருந்தார்.

இவர் கண்ணாடியை எடுத்தார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக் கொஞ்சம் தடுமாறினார். திரும்பி வந்தபோது கண்ணாடி தலைகீழாக இருந்தது. மூக்குக்கான இடம் நெற்றியில் துருத்திக்கொண்டு நின்றது.

பிறகு ரப்பர் செருப்பை மாட்டினார். இரண்டு அடி வைத்தார். தன் காலைத் தானே மிதித்து, அலுமாரியில் இடித்துக்கொண்டு குப்புற விழுந்தார்.

கொட்டாஞ்சேனையில் எங்கள் கோயிலில், யேசு பிறப்புக்குப் போட்ட நத்தார் நாடகத்தில் ஒருமுறை மேய்ப்பன் வேஷம் கட்டி, மேடையில் வாயைத் திறக்காமல் நின்று என் மானத்தை வாங்கியவர் இவர். இந்த மனிதருக்குள் இப்படி ஒரு நடிகன் இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

ஆமிக்காரர் இருவரும் சிரித்தார்கள். இன்ஸ்பெக்டரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இந்த ஆள் வாளித் தண்ணீரிலேயே செத்துப்போவான். நீங்கள் அடுத்த வீட்டைப் பாருங்கள்" என்று அவர்களை அனுப்பினார்.

சப்பாத்துச் சத்தம் படியிறங்கியது. அவர் மட்டும் போகவில்லை.

விழுந்து கிடந்தவரைக் கைகொடுத்துத் தூக்கினார். முகத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றி, தன் கைலேஞ்சியால் உள்பக்கத்தைத் துடைத்தார். இப்போது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"நான் ஹிக்கடுவை ஆள், கடலில் மூழ்கி வளர்ந்தவன்" என்றார், தணிந்த குரலில். "தண்ணீருக்கடியில் ஆவி படியாமல் இருக்கக் கண்ணாடிக்குள் துப்பித் தேய்க்கிறவன், மூழ்கிப் பழகினவன்தான். இனி யாராவது போட்டுக் காட்டச் சொன்னால் துப்ப வேண்டாம்."

இவருடைய பெருவிரலைப் பார்த்தேன். இன்னும் ஈரமாக இருந்தது.

அவர் கண்ணாடியைப் பைக்குள் வைத்து, சிப்பை இழுத்து மூடிவிட்டுப் போனார்.

நான் உட்கார்ந்து அழுதேன். பயமெல்லாம் போய், நன்றியில் வந்த அழுகை அது. அவர் பெயரைக் கேட்க வேண்டும் என்றுகூட அப்போது தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தும்போது, அந்த ஹிக்கடுவை ஆளைக் காப்பாற்றும் என்றுதான் வேண்டிக்கொள்கிறேன். பெயர் தெரியாவிட்டாலும், தொலைந்ததையெல்லாம் தேடித் தருகிற அந்தோனியாருக்கு ஆளைக் கண்டுபிடிப்பது பெரிய வேலையில்லை.