குதிரைக்கு ஒரு கூண்டு

நாற்சந்தியில் சிமெண்டுக் குதிரைமேல் ஒரு தளபதி உட்கார்ந்திருந்தார். அவர் எந்தத் தெருக்காரர் என்று அடிதடி வந்ததால், அவரை மட்டும் அறுத்து எடுத்துப் போனார்கள்.

"அப்பாடா! நான் வெறும் குதிரை. என்னால் யாருக்கு என்ன வம்பு?" என்றது குதிரை.

"அப்போ இனிமேல் மாலை கிடையாதா, அண்ணே?" என்று கலங்கியது, தினமும் அந்த மாலைகளைத் தின்றே வளர்ந்த ஆடு.

மறுநாளே இரண்டு மாலைகள் விழுந்தன. குதிரை தங்களுடையது என்றது வடக்குத் தெரு. அதன் கனைப்பைக் கேட்டாலே யாருடையது என்று தெரியும் என்றது தெற்குத் தெரு. கல் பறந்தது. போலீஸ் வந்து குதிரையைச் சுற்றிக் கம்பிக்கூண்டு போட்டது.

ஆடு கம்பிக்குள் தலையை விட்டு மாலையை எட்டப் பார்த்தது.

"ஓடிவிடு தம்பி," என்றது குதிரை. "நீ எந்தத் தெரு ஆடு என்று விசாரிக்கிறார்கள்."