கப்பியில் தொங்கிய குரங்கு

மழையில் வழுக்கி, ஓர் இளம் ஆடு தோட்டத்துக் கிணற்றுக்குள் விழுந்துவிட்டது. அங்கே கிடந்த பெரிய கூடையில் ஏறி நின்றுகொண்டு கத்தியது. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. கூடையின் கயிறு மேலே கப்பி வழியாகப் போய், மறுமுனை கிணற்றுக்குள்ளேயே தொங்கியது.

“நான் தொங்குகிறேன்” என்று கரடி ஓடி வந்தது.

“வேண்டாம் அண்ணே! உங்கள் கனத்துக்கு நான் விருட்டென்று பறந்து, கப்பியில் மண்டையை உடைத்துக்கொள்வேன்!” என்றது ஆடு.

ஆடும் கூடையும் சேர்ந்த எடையே இருந்த குரங்கு கயிற்றைப் பிடித்துத் தொங்கியது. கூடை அசையவே இல்லை. குரங்குக்கு அழுகை வந்துவிட்டது.

“இரு, நானும் வருகிறேன்” என்று அணில் அதன் தோளில் குதித்தது.

கப்பி கிறீச்சிட்டது. குரங்கு மெல்ல இறங்க, ஆடு மெல்ல ஏறியது. போகப்போக வேகம் கூடியது. கூடை மேலே வந்ததும் கரடி அதை எட்டிப் பிடித்து நிறுத்தியது.

“விட்டுவிடாதீர்கள் அண்ணே! ஆடு இறங்கினால் நாங்கள் தண்ணீருக்குள்!” என்று கீழிருந்து குரங்கு கத்தியது.

“என் கை எதற்கு இருக்கிறது?” என்றது கரடி. ஆடு தரையில் குதித்தது. கரடி கூடையை இழுத்துக்கொண்டே பின்னால் நடக்க, குரங்கும் அணிலும் மேலே வந்தன.

ஆடு அணிலைத் தன் கொம்புகளுக்கு நடுவே உட்காரவைத்துக்கொண்டது. கொட்டும் மழையில் நால்வரும் தோட்டமே அதிரக் கூவிக்கொண்டு போனார்கள்.