பதினெட்டாயிரமே ஓடிய வண்டி

“பதினெட்டாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கா? யார் காதுல பூ சுத்துறீங்க?” என்றான் என் மைத்துனன். அவன் மெக்கானிக்.

நான் வாங்க வந்த சின்ன எஸ்யூவியின் சொந்தக்காரர் கையைப் பிசைந்தார். “கடவுள் சத்தியமா மீட்டரத் தொடலைங்க.”

மைத்துனன் என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனான். “மாமா, என்ஜின் நல்லாத்தான் இருக்கு. ஆனா பின்சீட்டு குழி விழுந்து கிடக்கு. கதவுப் பிடி தேஞ்சு போச்சு. உள்ள இருக்கிற லைட் சுவிட்சுல எழுத்தே இல்ல. மீட்டரத் திருப்பி வெச்சிருக்காங்க. வேணாம்.”

அவருக்குக் கேட்டுவிட்டது. “விலையக் குறைச்சுக்கங்க சார். சாயங்காலத்துக்குள்ள ஒருத்தருக்கு அட்வான்ஸ் தரணும். விட்டா அந்த இடம் இன்னொரு ஆளுக்குப் போயிடும்.”

“அப்ப உண்மையச் சொல்லுங்க. ஓடாத வண்டி எப்படிங்க தேயும்?” என்றேன்.

அவர் தெருமுனையை எட்டிப் பார்த்தார். நான் கிளம்பத் திரும்பினேன்.

அப்போது புத்தகப்பையோடு ஒரு சிறுமி ஓடி வந்தாள். வண்டியின் பின்கதவருகே ஷூவைக் கழற்றி, இரண்டையும் டயர் ஓரமாக ஒழுங்காக வைத்தாள். உள்ளே ஏறி, விளக்கைப் போட்டு, வீட்டுப்பாட நோட்டை விரித்தாள்.

“அப்பா, நம்ம வீட்டுக்கு யாரு வந்திருக்காங்க?”



என் மைத்துனன் குனிந்து, முன்சீட்டின் கீழே தன் செருப்பு பதித்திருந்த சேற்றைக் கைக்குட்டையால் துடைத்தான்.

“மீட்டர் சரியாத்தான் இருக்கு, மாமா. அவர் முதல்ல கேட்ட விலையவே குடுத்துடுங்க.”