மாப்பிள்ளையின் ஆசை

"உங்க கொல்லையில பைக் தாவுறதுக்கு மேடு கட்டிடலாம் மாப்பிள்ளை. ஒரு லாரி மணல் சொல்லட்டுமா?" என்றார் மாமனார்.

மாப்பிள்ளை தட்டிக்கழிக்கப் பார்த்தான். "மணல் சரிஞ்சிடும் மாமா. களிமண்தான் நிக்கும்."

மறுநாளே களிமண் வந்து இறங்கியது.

"ஏறுற பக்கம் பலகை போடலாமா?"

"மழையில மக்கிடும். இரும்புத் தகடுதான் சரி."

வெல்டரும் வந்துவிட்டார். மண்ணை நனைத்து நனைத்து இடித்து இறுக்கணும், மாசக்கணக்கில் ஆகும் என்று மாப்பிள்ளை இழுத்துப் பார்த்தான். மாமனார் ரோடு ரோலரையே கூட்டிவந்தார்.

இன்று மேடு தயார். புது பைக்கைத் துடைத்தபடி மாமனார் கொல்லையில் காத்திருக்க, உள்ளறையில் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டான் அவன். "ரேஸ் ஓட்டுவேன்னு உங்கப்பாகிட்ட சும்மா அளந்துவிட்டேன். எனக்கு சைக்கிளே தள்ளாடும்!"

"தெரியும்" என்றபடி அவனுடைய சட்டையை எடுத்துத் தான் மாட்டிக்கொண்டாள் அவள். "பொண்ணுக்கு எதுக்குன்னு என் பைக்கை வித்தவர் எங்கப்பா. மாப்பிள்ளைக்கு ஆசைன்னு நான் சொன்னதும் மலையே கட்டிட்டார்."

ஹெல்மெட்டையும் போட்டுக்கொண்டு, முகம் மறைய அதன் கண்ணாடியை இறக்கினாள். "அப்பா ஊருக்குக் கிளம்புற வரைக்கும் உள்ளேயே இருங்க, மூச்சு விடாதீங்க."

வெளிப்பக்கம் தாழ்ப்பாள் விழுந்தது.